முறுக்கு டின்னுக்குள் சாவி

அத்தியாயம் 14

நாகமலை புதுக்கோட்டையில் இன்பசேகரன் சார் வீட்டுக்கு நான்கு மாதமாக ஒரு புது எஜமான். போர்ட்டிகோவில் கறுப்பாக, பளபளவென்று நிற்கிறதே, அதுதான். அதற்கு வெயில் படக்கூடாது, தூசி ஆகாது, தனியாக விடவே கூடாது. கைக்குழந்தைக்குக்கூட இத்தனை சட்டம் கிடையாது.

நடுவில் இரண்டு வாரம் ஊருக்குப் போய்விட்டு வந்த வாசகர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். இது மருமகன் ஜெய்சனின் கார். ஜெர்மனிக்காரன் செய்தது. தோஹாவில் வேலை பார்க்கும் ஜெய்சன், ஜூன் மாதம் விடுப்பு முடிந்து திரும்பிப் போகிற நேரத்தில், மதுரையில் அவன் குடியிருந்த அடுக்குமாடியில் பக்கத்து வீட்டுக்காரரின் கார் காணாமல் போனது. சாவி வீட்டுக்குள் ஆணியில் தொங்கிக்கொண்டே இருந்ததாம். வாசலில் ஒருவன், காருக்குப் பக்கத்தில் ஒருவன், கையில் ஏதோ ஒரு கருவி. சாவி பக்கத்தில் வந்துவிட்டது என்று காரே ஏமாந்து கதவைத் திறந்துவிட்டது. மொத்த வேலையும் ஒரு நிமிடம்.

அன்றைக்குப் பிடித்தது பயம். ஜெய்சன் அடுக்குமாடி வீட்டைக் காலி செய்து, காரையும் மனைவி ஆஷ்லினையும் மாமனார் வீட்டில் கொண்டுவந்து விட்டான். எதை முதலில் இறக்கினான் என்று ஆஷ்லினிடம் கேட்டால் ஒரு மாதிரி சிரிப்பாள். ஸ்டியரிங்குக்கு மஞ்சள் பூட்டு, தூணில் கேமரா, சாவிக்குத் தகர டின். தகரத்துக்குள் இருந்தால் சாவியின் சிக்னல் வெளியே கசியாதாம். கேமராவில் ஏதாவது அசைந்தால் தோஹாவில் அவன் போனில் மணி அடிக்கும்.

"வீட்ல எப்பவும் ஒரு ஆள் இருக்கணும் மாமா. அம்புட்டுதான் நான் கேக்குறது," என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினான்.

அந்த அம்புட்டில் இன்பசேகரனின் கண்புரை ஆபரேஷன் இரண்டு முறை தள்ளிப்போனது. அவர் மனைவி ஜோசபின் தன் தங்கை மகள் கல்யாணத்துக்குக் காலையில் போய் மதியம் திரும்பினாள். ஆஷ்லின் தெருமுனைக் கடைக்குப் போயே பல நாளாகிறது.

கெமிஸ்ட்ரி படித்த ஆஷ்லினுக்கு வேலை கிடைத்திருப்பது போன வாரம் நமக்குத் தெரிந்தது. வீட்டில் யாருக்கும் தெரியாது. சமயநல்லூரைத் தாண்டி ஒரு கல்லூரி. பஸ்ஸில் முக்கால் மணி நேரம்கூட ஆகாது. திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு அசல் சான்றிதழ்களோடு வந்து சேர வேண்டும், தவறினால் அடுத்த ஆளைக் கூப்பிடுவோம் என்று எழுதியிருந்தார்கள். ஒரு மாதத்துக்கு முன்னால் வேலைக்குப் போகட்டுமா என்று ஜெய்சனிடம் பொதுவாகக் கேட்டுப் பார்த்திருந்தாள். அவன் கூடாது என்று சொல்லவில்லை. அவன் எதற்கும் கூடாது என்று சொல்வதில்லை. "அப்ப வண்டிய யாரு பாத்துக்குவா?" என்று மட்டும் கேட்டான்.

அந்தத் திங்கட்கிழமை நாளைக்கு.

அசல் சான்றிதழ் ஃபைல் காருக்குள், ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் கிடக்கிறது. வீடு மாறிய அன்று காரில் வந்தது, அப்படியே தங்கிவிட்டது. ஆஷ்லினும் எடுக்கவில்லை. அம்மா கண்ணில் பட்டால் எதற்கு என்பாள், எதற்கு என்று தெரிந்தால் மருமகனிடம் அன்றே ஒப்பித்துவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு ஜெய்சன் வீடியோ காலில் வருவான். சாவியைக் காட்ட வேண்டும். பிறகு பேட்டரி இறங்காமல் இருக்க ஆஷ்லின் காரில் உட்கார்ந்து பத்து நிமிடம் எஞ்சினை ஓடவிட வேண்டும். கண்ணாடி ஏற்றிய அந்தப் பத்து நிமிடம்தான் வாரத்தில் அவளிடம் யாரும் எதுவும் கேட்காத நேரம். வேலைக்கு விண்ணப்பம் போட்டதுகூட அப்படி உட்கார்ந்திருந்தபோதுதான்.

இனி இந்த ஞாயிறு.

அன்று சபையில் அறுப்பின் பண்டிகை. வாழைத்தாரும் சேவலும் பூசணியும் பலகாரமும் காணிக்கையாக வரும்; ஆராதனை முடிந்ததும் ஏலம். ஜோசபின் டீச்சர் முறுக்குக்கு அந்தச் சபையில் தனி மரியாதை உண்டு. முதல் நாளே சுட்டு ஒரு நீல பிஸ்கட் டின்னில் அடுக்கி, சாப்பாட்டு மேசை மேல் வைத்திருந்தாள்.

அதே மாதிரி இன்னொரு நீல டின் சமையலறை மேல் தட்டில் இருந்தது. இரண்டும் குவைத்திலிருந்து அவள் தங்கை கொடுத்தனுப்பியவை. மேல் தட்டு டின்னிலும் முறுக்குதான், ஆனால் அடியில் நகைக்கடை சுருக்குப் பைக்குள் கார் சாவி இருந்தது. திருடன் பீரோவை உடைப்பான், மெத்தையைக் கிழிப்பான், முறுக்கு டின்னையா கொட்டிப் பார்ப்பான் என்பது ஜோசபினின் யோசனை. மருமகனே மெச்சிய யோசனை அது.

காலை ஆறரைக்கு மாதர் சங்கத்து ஆன்மேரி ஆட்டோவில் வந்து வாசலில் நின்றாள். ஜோசபின் குளியலறையில் இருந்தாள்.

"மேல இருக்கு பாருங்க, எடுத்துக் குடுங்க," என்று அங்கிருந்தே குரல் கொடுத்தாள்.

மேசை மேல என்று அவள் நினைத்தாள். இன்பசேகரனுக்கு மேல என்றால் மேல் தட்டு. ஒரு கண்ணில் புகைமூட்டம், இன்னொரு கண்ணில் அரைகுறை வெளிச்சம். ஸ்டூல் போட்டு ஏறி, நீல டின்னை இறக்கி, ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியோடு ஆன்மேரி கையில் கொடுத்தார். முப்பத்துநாலு வருடம் மிஷன் பள்ளியில் ஜியாமெட்ரி நடத்திய மனிதர் அவர். எதையும் ஒருமுறைக்கு இருமுறை சரிபார்க்கச் சொல்லிப் பிள்ளைகளைப் படுத்தி எடுத்தவர்.

எட்டேகாலுக்குக் கணவனும் மனைவியும் கோயிலுக்குக் கிளம்பினார்கள். அவசரத்தில் சாப்பாட்டு மேசையை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆஷ்லின் வீட்டில் இருந்தாள். முதலில் மூன்று பேரும் முறை வைத்துத்தான் காவல் இருந்தார்கள். அப்புறம் ஜெய்சனே, நீங்க ரெண்டு பேரும் பெரியவங்க, ஆராதனைய விடாதீங்க, ஆஷ்லின் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டான். எவ்வளவு அக்கறை என்று ஜோசபின் சபை முழுக்கச் சொல்லிப் பெருமைப்பட்டாள்.

அவர்கள் தலை மறைந்ததும், யாரும் இல்லாத நேரத்திலேயே ஃபைலை எடுத்துவிடலாம் என்று ஆஷ்லின் ஸ்டூலில் ஏறினாள். மேல் தட்டு காலியாக இருந்தது.

மேசை மேல் இருந்த டின்னை எடுத்துச் செய்தித்தாளில் கவிழ்த்தாள். முறுக்கு, முறுக்கு, முறுக்கு. அடியில் ஒன்றுமில்லை. டின் எங்கே போயிருக்கும் என்று அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. தரையிலேயே உட்கார்ந்தாள். இன்னொரு சாவி தோஹாவில் ஜெய்சனிடம் இருக்கிறது. அதைக் கேட்பதும் இந்த வேலையை விடுவதும் ஒன்றுதான்.

அப்பாவுக்கு அடித்தாள். கோயிலுக்குள் போனை அணைத்துவிடுவது அவர் வழக்கம். அம்மா போன் வீட்டிலேயே சார்ஜில் கிடந்தது. ஓடினால் கோயில் பத்து நிமிடம். துப்பட்டாவை இழுத்துப் போட்டுக்கொண்டு வாசற்படியில் இறங்கி ஒரு செருப்பை மாட்டினாள். மறு செருப்பை மாட்டுவதற்குள் போன் அடித்தது.

"எங்க கிளம்பிட்ட?" ஜெய்சன் கோபமாகக் கேட்கவில்லை. அவன் குரல் எப்போதும் தேன்தான்.

"எங்கயும் இல்ல. கீரைக்காரம்மா கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு."

"வண்டிய விட்டுட்டு வாசல்ல நிக்காத, என்ன? இன்னிக்கு அத்தையும் மாமாவும் வேற இல்ல."

ஆஷ்லின் செருப்பைக் கழற்றினாள். கார் பானட்டில் பக்கத்து வீட்டுச் சாம்பல் பூனை கால் நீட்டிப் படுத்திருந்தது. இவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, புரண்டு மறுபக்கம் படுத்துக்கொண்டது. அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். அதற்கப்புறம் ஒன்றரை மணி நேரம் அப்பாவின் எண்ணைத் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருந்ததைத் தவிர அவள் வேறொன்றும் செய்யவில்லை, செய்யவும் முடியவில்லை.

ஆராதனை முடிந்து, ஏலம் பாதி நடந்துகொண்டிருந்தபோது இன்பசேகரன் போனை உயிர்ப்பித்தார். இருபத்தாறு தவறிய அழைப்புகள். வீட்டுக்குத் திருடன் வந்துவிட்டான் என்று நினைத்து ஆஷ்லினைக் கூப்பிட்டார்.

"அப்பா, நீங்க குடுத்த டின்னுலதான் சாவி இருந்துச்சு."

பந்தலில் சேவல் ஒன்று கைமாறிக்கொண்டிருந்தது.

"இன்னொண்ணும் கேளுங்க. கார்லதான் என் சர்டிபிகேட் பூராவும் இருக்கு. நாளைக்கு நான் வேலைல சேரணும்ப்பா. உங்ககிட்டகூட மறைச்சிட்டேன்." அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை இப்போது வந்துவிட்டது. "நாலு மணிக்கு அவரு சாவியக் காட்டச் சொல்லுவாரு."

மகள் தன்னிடம் மறைத்தாள் என்பதில் அவருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. மறைக்கிற மாதிரி வீட்டை வைத்திருக்கிறோமே என்ற வெட்கம்தான் வந்தது. "நான் கொண்டாரேன். நீ அழாத," என்று சொல்லிவிட்டு ஆன்மேரியைத் தேடினார்.

ஆன்மேரிக்கு ஏலச் செய்தி எல்லாம் விரல் நுனியில். ஜோசபின் டீச்சர் டின்னை முதலில் எடுத்தவர் திரும்பச் சபைக்கே கொடுத்துவிட்டாராம். மறு ஏலத்தில் எடுத்தவரும் கொடுத்துவிட்டாராம். அது அங்கே ஒரு கௌரவம். மூன்றாவது முறை கேமராக் கடை ஆல்பின் எடுத்தான், யாருக்கும் தரமாட்டேன் என்று வண்டிப் பெட்டியில் வைத்துக்கொண்டு அப்போதே சிம்மக்கல்லுக்குப் போய்விட்டான். அங்கே ஏதோ கடையில் கேமரா நின்றுபோனதாம். போன் அடித்தார்கள். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுப்பார் இல்லை.

விஷயம் தெரிந்த ஜோசபின் நெஞ்சில் கை வைத்தாள். சாவி போனதைவிட மருமகனுக்கு என்ன பதில் சொல்வது என்பதுதான் அவளுக்குப் பெரிதாக இருந்தது. மகளுக்கு வேலை என்ற பாதிச் செய்தி அவள் காதில் ஏறவே இல்லை. அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு இன்பசேகரன் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்.

வந்த பஸ்ஸின் பலகை அவருக்கு வெள்ளைப் புள்ளிகளாகத் தெரிந்தது. பக்கத்தில் நின்ற பூக்காரம்மாவிடம், சிம்மக்கல் போகுமா என்று கேட்டு ஏறினார். ஜன்னலோரம் உட்கார்ந்தபோது ஒரு நினைப்பு வந்தது. மதுரைக்குள் அவர் வந்து மூன்று மாதம் ஆகிறது. ஓய்வு பெற்றால் ஊர் சுற்றலாம் என்றிருந்தவர், ஒரு காருக்கு வாட்ச்மேனாக உட்கார்ந்துவிட்டார். சம்பளம் இல்லாத வாட்ச்மேன், சீருடைகூடக் கொடுக்கவில்லை. சிரிக்கப் பார்த்தார். மகள் அழுத குரல் காதிலேயே நின்றதால் சிரிப்பு வரவில்லை.

சிம்மக்கல்லில் ஞாயிற்றுக்கிழமை பாதிக் கடைகள்தான் திறந்திருந்தன. ஆல்பினின் கடை பூட்டியிருந்தது. பக்கத்து டீக்கடையில் விசாரித்து, இரண்டு தெரு தள்ளி ஒரு வெங்காய மண்டியைக் கண்டுபிடித்தார். ஆல்பின் உள்ளே ஏணி உச்சியில் வயரைக் கடித்துக்கொண்டு நின்றான். கீழே அவன் போன் வெங்காய மூட்டை மேல் ஒளிர்ந்து ஒளிர்ந்து அணைந்தது. மண்டிக்காரர் கறாரான ஆள். படம் வராமல் ஏணியை விட்டு இறங்கக்கூடாது என்று சொல்லிவிட்டார். தன்னிடம் படித்தவன் வேலையைக் கெடுக்க மனமில்லாமல் இன்பசேகரனும் நின்றார். ஒரு மணி ஆனது, ஒன்றரை ஆனது, இரண்டு ஆனது. ஏணியில் இருப்பவனால் இறங்க முடியவில்லை, கீழே நிற்பவரால் நகர முடியவில்லை, நாகமலையில் இருப்பவளால் வாசலைத் தாண்ட முடியவில்லை.

இரண்டரைக்கு ஆல்பின் இறங்கி வந்து வண்டிப் பெட்டியைத் திறந்தான். டின்னில் மேல் வரிசை முறுக்கு மட்டும் காணாமல் போயிருந்தது.

"பொறுக்க முடியல சார்," என்று அசடு வழிந்தான்.

இன்பசேகரன் முறுக்குக்குள் கைவிட்டுத் துழாவினார். சுருக்குப் பை விரலில் பட்டது. வெங்காயச் சருகு கிடந்த தரையில், நட்ட நடுவில், அந்த மனிதர் கண்ணை மூடி ஒரு நிமிடம் ஸ்தோத்திரம் செய்தார். விஷயத்தைக் கேட்ட ஆல்பின், பஸ்ஸுக்கு நிற்க வேண்டாம் என்று தன் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டான். சார் வீட்டுத் தூணில் கேமராவை ஜூன் மாதம் பொருத்தியவனே அவன்தான்.

மூன்றரைக்கு இருவரும் கேட்டைத் திறந்து உள்ளே வந்தார்கள். ஆஷ்லினும் ஜோசபினும் நிலைப்படிக்கு உள்ளேயே நின்றார்கள். பையைத் தூக்கிக் காட்டினார் அப்பா. ஆஷ்லினின் முகத்தில் நாள் முழுக்க இல்லாத ரத்தம் திரும்பி வந்தது.

ஆல்பின் மட்டும் காரையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"சார், இந்தப் பூனை எப்பவும் இப்பிடித்தான் படுக்குமா?"

"நாலு மாசமா அதுக்கு அதான் கட்டில்."

"அப்ப தினமும் போன் வரணுமே. ஒரு இலை விழுந்தாக்கூட அடிக்கிற மாதிரில்ல வச்சுக் குடுத்தேன்."

பூனைக்காக ஒரு நாளும் ஜெய்சன் கூப்பிட்டதில்லை. கேமரா பழுதோ என்று ஆல்பினுக்குத் தொழில் கவலை வந்துவிட்டது. சாரின் போனிலும் கேமராப் படம் தெரிய அவனே ஏற்பாடு செய்திருந்தான். பார்க்கத்தான் முடியும், எதையும் மாற்ற முடியாது. மாற்றும் உரிமை ஜெய்சனுக்கு மட்டும். போனை வாங்கி ஏதோ இரண்டு இடத்தில் தட்டினான். பிறகு தட்டவில்லை. சும்மா பார்த்துக்கொண்டே நின்றான்.

"என்னப்பா?"

"மணி அடிக்கிறதுக்கு ஒரு கட்டம் போடுவோம் சார். அந்தக் கட்டத்துக்குள்ள அசைஞ்சாத்தான் அடிக்கும். நான் வண்டியச் சுத்தித்தான் போட்டேன்."

"சரி."

"இப்ப வேற இடத்துல இருக்கு."

இன்பசேகரன் போனைக் கண்ணருகே கொண்டுபோனார். சிவப்பாக ஏதோ கலங்கலாகத் தெரிந்தது. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கார் பானட்டில் அன்றைக்குப் படிந்திருந்த தூசியில் விரலை வைத்தார். "எனக்குத் தெரியல. நாலு முனையும் எங்க எங்க இருக்குன்னு சொல்லு. நான் வரைஞ்சுக்கறேன்."

பழைய வகுப்பறைப் பழக்கம். ஆல்பினும் பத்தாம் வகுப்புப் பையன் மாதிரி கைகட்டிக்கொண்டான்.

"முத முனை வாசப்படிக்கு இடது ஓரம் சார்."

விரல் ஒரு புள்ளி வைத்தது.

"அங்க இருந்து நேரா மேல, நிலைக்கு மேல. அப்பிடியே வலது பக்கம் போகுது. ஜன்னல் முடியுற வரைக்கும்."

"எந்த ஜன்னல்?"

"ஆஷ்லின் அக்கா ரூம் ஜன்னல் சார். அங்க இருந்து கீழ எறங்கி, திரும்ப வாசப்படி."

செவ்வகம் மூடியது. தூசியில் அவர் வரைந்த கோடு கோணாமல், அளவெடுத்த மாதிரி இருந்தது.

"வண்டி?" என்று கேட்டார்.

"வண்டி வெளிய இருக்கு சார். சக்கரம்கூட உள்ள வரல."

இன்பசேகரனுக்கு ஒவ்வொன்றாக நினைவு வந்தது. அவர் படியிறங்கினால் போன் வராது. ஜோசபின் கோலப்பொடி வாங்க நின்றால் வராது. ஆஷ்லின் காய்ந்த துணியை எடுக்கப் போனால் வரும். ஆஷ்லின் ஜன்னலைத் திறந்து பக்கத்து வீட்டுச் சரண்யாதேவியோடு பேசினால் வரும். வண்டிக்குப் பக்கத்தில் யார் பேச்சுக் குரல் என்று அன்பாகக் கேட்பான். ஆஷ்லின் இருக்கட்டும், ஆஷ்லின் இருக்கட்டும் என்று வாராவாரம் சொன்னது. நாலு மாதம் அவர் ஒரு காரைக் காவல் காத்ததாக நினைத்தார். அவர் காத்தது காரை இல்லை. பெற்ற மகளைப் பூட்டி வைத்து, அந்தப் பூட்டுக்குத் தானே காவலும் இருந்து வந்திருக்கிறார். மாப்பிள்ளை மேல் வந்த கோபத்தைவிடத் தன் மேல் வந்த கோபம் பெரிதாக இருந்தது.

ஆஷ்லின் நிலைப்படிக்கு உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். அழவில்லை. தலை நிமிர்ந்து நிலையின் மேல் விளிம்பைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள், காலடியில் படியைப் பார்த்தாள். அவள் கண்ணும் அதே செவ்வகத்தை வரைந்துகொண்டிருந்தது.

ஆல்பின் டின்னைப் படியோரம் வைத்துவிட்டு, "நான் வாரேன் சார்," என்று மெல்லக் கிளம்பினான். ஜோசபின் அவனிடம் வெளியே யாரிடமும் சொல்லிவிடாதே என்று கெஞ்சினாள். கேட் சாத்தியதும் மகள் பக்கம் திரும்பினாள்.

"வண்டி மேல உள்ள பயத்துல போட்டிருப்பாருடி. வாசல் வழியாத்தான திருடன் வருவான்." சொல்லும்போதே அவளுக்கே அது நிற்கவில்லை. குரல் உடைந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "ஊரெல்லாம் பெருமையா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேனே."

நாலு மணி அடித்தது. தோஹாவில் மதிய உணவு நேரம். ஜெய்சன் குளித்துச் சவரம் செய்த முகத்தோடு திரையில் வந்தான். ஆஷ்லின் சாவியைத் தூக்கிக் காட்டினாள். குட் என்றான். மஞ்சள் பூட்டை எடுத்துவிட்டு ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு அழைப்பை முடித்தான்.

அவள் படியிறங்கிப் போய்க் காரில் ஏறி எஞ்சினை முடுக்கினாள். கண்ணாடியை ஏற்றிவிட்டாள். இன்பசேகரன் வெளியே நின்று பார்த்தார். மகள் குனிந்து ஃபைலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டது தெரிந்தது. அவர் இந்தப் பத்து நிமிடத்தில் ஒரு கணக்குப் போட்டு முடித்திருந்தார்.

அவள் இறங்கியதும் தணிந்த குரலில் சொன்னார். "கட்டத்தத் தொடாம ஒரு வழி இருக்கும்மா. பின்கதவு, தண்ணித் தொட்டி, அப்பிடியே சுவரை ஒட்டி வந்தா கார் மறைவுல கேட்டுக்கு வந்துரலாம். ஒரு மணியும் அடிக்காது. காலைல ஏழு மணிக்கு நானே உன்னைய பஸ் ஏத்தி விடுறேன்."

ஆஷ்லின் அப்பாவைப் பார்த்தாள். அந்த வழியில் போகலாம்தான். நாளைக்குப் போகலாம், மறுநாள் போகலாம். தினமும் சொந்த வீட்டிலிருந்து திருடி மாதிரிச் சுவரை ஒட்டிப் போகலாம்.

"கொல்லப்பக்கமாப் போகமாட்டேன்ப்பா," என்றாள்.

ஃபைலோடு நேராக நடந்து வந்து வாசற்படியில், அந்தச் செவ்வகத்துக்கு நட்ட நடுவில் உட்கார்ந்தாள். போன் உடனே அடித்தது. முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"வெளிய உக்காந்து என்ன பண்ற? கைல என்ன அது?"

"சர்டிபிகேட். சமயநல்லூர் தாண்டி ஒரு காலேஜ்ல வேலை கெடச்சிருக்கு. நாளைக்குச் சேர்றேன்."

அதே தேன் குரல். "சந்தோஷம். ஆனா வண்டிய யாரு பாத்துக்குவா?"

"வண்டி கட்டத்துக்கு வெளியதான இருக்கு. அதுக்கு எதுக்குக் காவல்?"

திரையில் ஜெய்சனின் முகம் அசையவில்லை. நெட் நின்றுவிட்டதோ என்று இன்பசேகரன் எட்டிப் பார்த்தார். நிற்கவில்லை. கண் இமைத்தது.

"மாமாகிட்ட குடு."

இன்பசேகரன் கை நீட்டவில்லை. மகளுக்குப் பக்கத்தில் படியில் உட்கார்ந்தார். போனைப் பார்த்து, வகுப்பில் பேசுகிற நிதானத்தோடு, "அவ பேசுறது சரிதான் மாப்ள," என்றார்.

ஆஷ்லின் தொடர்ந்தாள். "காலைல ஏழு மணிக்கு உங்க போன்ல மணி அடிக்கும். அது நான்தான், வேலைக்குக் கிளம்பிப் போறேன். அங்க நாலரைதான் ஆகும். நீங்க எந்திரிச்சுப் பாக்க வேணாம். தூங்குங்க."

போனை அணைத்துவிட்டாள். ஜோசபின் வந்து மகளின் மறுபக்கம் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். மூன்று பேருக்கு அந்தப் படி கொஞ்சம் குறுகல்தான்.

அவன் திரும்பக் கூப்பிடுவான் என்று காத்திருந்தார்கள். கால் மணி நேரம் ஆகியும் கூப்பிடவில்லை. அதுதான் என்னவோ செய்தது. இன்பசேகரன் தன் போனை எடுத்துக் கேமராப் படத்தைத் திறக்கப் பார்த்தார். திரை கறுப்பாக இருந்தது. நடுவில் இரண்டு வரி எழுத்து. மகளிடம் நீட்டினார்.

ஆஷ்லின் படித்துச் சொன்னாள். "இந்தக் கேமராவைப் பார்க்கும் உங்கள் அனுமதி நீக்கப்பட்டது."

கட்டம் இப்போது எங்கே இருக்கிறது என்று இனி அவர்களுக்குத் தெரியாது. தூணில் கேமராவின் சின்ன விளக்கு எப்போதும் போலப் பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. பூனை மட்டும் இறங்கி வந்து ஜோசபினின் டின்னை முகர்ந்து பார்த்தது.

"சாவிய எங்க வைக்கிறது?" என்று ஜோசபின் கேட்டாள்.

ஆஷ்லின் அதை ஃபைலுக்குள், தன் பட்டச் சான்றிதழுக்கு மேல் வைத்து மூடினாள்.